ஆடம்ஸ் கவுண்டியில் இரண்டு நாள்: எந்தப் பூங்கா, எந்தக் காப்பகம்?

கேள்வி: ஓடக்கரை

வணக்கம். நாங்கள் சின்சினாட்டியில் வசிக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துத் தென் எல்லையில் உள்ள ஆடம்ஸ் கவுண்டிக்குப் (நம்மூர் மாவட்டம் போன்றது) போய், அங்குள்ள பூங்காக்களையும் இயற்கைக் காப்பகங்களையும் பார்த்து வரலாம் என்று எண்ணியிருக்கிறோம். நான், என் மனைவி, எட்டு வயது மகள், எங்களோடு ஆறு மாதம் தங்க வந்திருக்கும் எழுபத்திரண்டு வயது அப்பா என நால்வர் போகிறோம். நாயையும் அழைத்துச் செல்லலாமா என்று தெரியவில்லை. அப்பா சமதரையில் ஒரு மணி நேரம் அலுக்காமல் நடப்பார். ஏற்றமும் படிகளும் அவர் முழங்காலுக்கு ஆகாது.

வரைபடத்தைத் திறந்தால் அந்த ஒரு கவுண்டிக்குள் எத்தனையோ பச்சைத் திட்டுகள் தெரிகின்றன. ஒன்று மாநிலப் பூங்கா, இன்னொன்று மாநில இயற்கைக் காப்பகம், மற்றொன்று மாநில வனம், வேறொன்று வனவிலங்குப் பகுதி. போதாததற்குத் தனியார் அறநிறுவனங்களின் காப்பகங்களும் இருக்கின்றன. பெயர்தான் வேறா, விதிகளும் வேறா என்பது விளங்கவில்லை. பஸார்ட்ரூஸ்ட் பாறையின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அதன் உச்சியில் நிற்க வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள். அப்பாவுக்கோ பண்டைய பழங்குடியினர் பாம்பு வடிவில் மண்ணால் எழுப்பிய பாம்பு மேட்டைப் பார்க்க வேண்டும். இரண்டு நாளில் எதையெல்லாம் சேர்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்று போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: புல்வெளி

வணக்கம். பல ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்று நான்கு முறை அந்தப் பக்கம் போய் வருகிறேன். முதலில் நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: அதை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் அதிலேயே இருக்கிறது. அங்கே ஒரு நிலத்தில் நீங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை அந்த நிலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. மாநிலப் பூங்காவில் நாயை வாரில் பிடித்தபடி நடக்கலாம், படகு விடலாம், மீன் பிடிக்கலாம், நுழைவுக்கட்டணமும் கிடையாது. அதே மாநில அரசின் கையில் உள்ள இயற்கைக் காப்பகத்திலோ பொதுவாக நாய்க்கு இடமில்லை, தடத்தை விட்டு இறங்கக் கூடாது, ஒரு பூவைக்கூடக் கிள்ளக் கூடாது. கவுண்டியின் தலைநகரான வெஸ்ட் யூனியனுக்கு வடக்கே உள்ள ஆடம்ஸ் ஏரி மாநிலப் பூங்காவுக்குப் போனால் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஏரிக்கரையில் நாயோடு உலவிக்கொண்டிருப்பீர்கள். அதே பூங்காவின் ஒரு மூலையில் ஒரு பலகை நிற்கும். அதைத் தாண்டினால் ஆடம்ஸ் ஏரிப் புல்வெளி என்னும் மாநில இயற்கைக் காப்பகம் தொடங்கிவிடும், நாய் பலகையோடு நிற்க வேண்டியதுதான்.

அந்தக் கவுண்டியின் பெரும் சொத்து அரசின் கையில் இல்லை. எட்ஜ் ஆஃப் அப்பலாச்சியா என்னும் காப்பகத் தொகுப்பை நேச்சர் கன்சர்வன்சி என்னும் இயற்கைப் பாதுகாப்பு அறநிறுவனமும் சின்சினாட்டி மியூசியம் சென்டரும் சேர்ந்து பராமரிக்கின்றன. 1959ஆம் ஆண்டு லிங்க்ஸ் புல்வெளி என்ற 42 ஏக்கர் துண்டு நிலத்தை வாங்கியதில் தொடங்கி, இன்று ஏறத்தாழ 20,000 ஏக்கராக அது விரிந்திருக்கிறது. அதற்குள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் தடங்கள் சிலவே. அவற்றுக்குக் கட்டணம் இல்லை, விடியலிலிருந்து அந்தி வரை நடக்கலாம், நாய்க்கு அனுமதி இல்லை.

இடங்களைத் திசை வாரியாகப் பிரித்துக்கொண்டால் வண்டியிலேயே பொழுது போய்விடாது. அந்தத் தொகுப்பைச் சேர்ந்த பஸார்ட்ரூஸ்ட், லிங்க்ஸ் ஆகியவை வெஸ்ட் யூனியனுக்குக் கிழக்கும் தென்கிழக்குமாக, 125ஆம் எண் மாநிலச் சாலையை ஒட்டி இருக்கின்றன. பாம்பு மேடு வடக்கே, பீபிள்ஸ் ஊருக்கு அப்பால் உள்ளது. ஆகவே ஒரு நாள் தெற்கு, ஒரு நாள் வடக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் பஸார்ட்ரூஸ்ட் பாறையை இந்த முறை விட்டுவிடச் சொல்வேன். போக வர நான்கு மைலுக்கும் அதிகமான தடம் அது. ஏற்றமும் படிகளும் நிறைந்தது. உங்கள் தந்தையால் இயலாது. அவரை வண்டியில் உட்கார வைத்துவிட்டு மூன்று மணி நேரம் போய்வருவதும் அழகல்ல. மாறாக, லிங்க்ஸ் புல்வெளிக்குக் குடும்பத்தோடு போங்கள். ஒரு சிறிய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னே அதன் தடம் தொடங்குகிறது. வழி தவறிவிட்டோமோ என்று முதல் முறை வருகிற எல்லோருக்கும் தோன்றும். தவறவில்லை, கல்லறைகளை ஒட்டி நடந்து மரங்களுக்குள் நுழைந்துவிடுங்கள். சீடர் மரங்களின் இருட்டில் கொஞ்ச தூரம் போனதும், யாரோ கூரையைப் பிரித்துவிட்டது போல வெளிச்சம் கொட்டும். முன்னே ஒரு வீட்டு மனை அளவே உள்ள புல்வெளி இருக்கும். மறுபடி மரங்கள், மறுபடி ஒரு புல்வெளி. ஒன்றோடொன்று இணைந்த மூன்று சிறு சுற்றுகள். வேண்டிய இடத்தில் முடித்துக்கொண்டு திரும்பலாம். சில இடங்களில் மேடு பள்ளம் உண்டு என்பதால் தந்தையாரின் கையில் ஒரு கைத்தடி இருப்பது நல்லது.

ஏப்ரலில் அங்கே இடுப்பளவு புல்லை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சென்ற ஆண்டின் காய்ந்த தாள்கள்தான் வைக்கோல் நிறத்தில் சாய்ந்து கிடக்கும். அவற்றின் அடியில் குனிந்து பார்த்தால் பக்கூன் என்னும் சிறு செடி மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் பூத்திருக்கும். ஆளுயரத்தையும் தாண்டும் பெரிய புளூஸ்டெம் புல்லைப் பார்க்க ஆகஸ்டில்தான் வர வேண்டும். ஏப்ரலின் அழகு காட்டுக்குள் இருக்கிறது. இலை துளிர்க்கும் முன்பே கிளையெல்லாம் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகப் பூக்கும் ரெட்பட், வெள்ளை டாக்வுட், தரையில் மாநிலத்தின் காட்டுமலரான வெள்ளை ட்ரில்லியம் எல்லாம் அந்த வாரங்களில்தான். மான்செஸ்டர் ஊரருகே ஆற்றை நோக்கிய சரிவில் ஒஹாயோ ரிவர் பிளஃப்ஸ் என்று இன்னொரு தனியார் காப்பகம் உண்டு. நீல மணிகளைப் போன்ற வர்ஜீனியா புளூபெல் பூக்களுக்காகவே அங்கே போவார்கள். உங்கள் தேதிக்கு அவை உதிரத் தொடங்கியிருக்கும்; நிலமும் சரிவானது. அதைச் சேர்க்க வேண்டாம்.

பதில் 2: பாறைப்பித்தன்

புல்வெளி அவர்கள் சொன்னவை அனைத்தும் சரி. ஒரு கவுண்டிக்குள் இத்தனை வகை நிலம் ஏன் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்டு போனால் காண்பது இரட்டிப்பாகும்.

பனியூழியில் வடக்கிலிருந்து இறங்கி வந்த பனிப்பாளம் இந்தக் கவுண்டியின் வடமேற்குப் பகுதியோடு நின்றுவிட்டது. கிழக்கே அப்பலாச்சியப் பீடபூமியின் விளிம்பு எழுகிறது; தெற்கிலிருந்து கென்டக்கியின் புளூகிராஸ் நிலம் ஆற்றைத் தாண்டி உள்ளே வருகிறது. வண்டியில் கிழக்கு நோக்கிப் போகும்போது தட்டையான சோள வயல்கள் முடிந்து குன்றுகள் தொடங்கும் இடத்தைக் குழந்தையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்தக் குன்றுகளின் சரிவுகளில் சுண்ணாம்புக்கல்லை ஒத்த டோலமைட் பாறை கிட்டத்தட்ட மேலேயே இருக்கிறது. அதன் மேல் உள்ள மண் சில அங்குலங்கள்தான். கோடையில் அது சட்டி போலக் காய்ந்துவிடும். மரம் வேர்பிடிக்கத் திணறும், புல் பிழைத்துக்கொள்ளும். பனியூழிக்குப் பிந்தைய ஒரு வறண்ட வெப்பக் காலத்தில் மேற்கின் பிரெய்ரிப் புல்வெளிகள் கிழக்கே வெகுதூரம் பரவின. மழை மிகுந்து காடு திரும்பியபோது, இத்தகைய வறண்ட திட்டுகளில் மட்டும் அவை எஞ்சி நின்றன. லிங்க்ஸில் நீங்கள் காணப்போகும் மனையளவுப் புல்வெளிகள் அந்த எச்சங்கள்தாம்.

இதை எழுதிவைத்தவர் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் எம்மா லூசி பிரவுன் அம்மையார். 1928ஆம் ஆண்டிலேயே இந்தக் கவுண்டியின் தாவரங்களைப் பற்றி விரிவான ஆய்வு ஒன்றை அவர் வெளியிட்டார். 1950இல் அமெரிக்கச் சூழலியல் கழகத்துக்குத் தலைவரான முதல் பெண்ணும் அவரே. அவரும், அந்துப்பூச்சி ஆய்வாளரான அவர் தமக்கை ஆனட்டும் ஓயாமல் நடந்து திரிந்த நிலம் இது. நிலத்தைக் காக்க வேண்டும் என்று அவர் விடாமல் வற்புறுத்தியதன் விளைவுதான் 1959இல் நடந்த அந்த முதல் கொள்முதல்.

பாம்பு மேட்டுக்கு வருகிறேன். உங்கள் தந்தைக்கு இது மிகவும் ஏற்ற இடம். வளைந்து வளைந்து 1,348 அடி நீளத்துக்குப் படுத்திருக்கும் மண் பாம்பு அது. அதைச் சுற்றிச் செப்பனிட்ட நடைபாதை இருக்கிறது. முழு உருவத்தையும் ஒரே பார்வையில் காண அங்குள்ள கோபுரத்தில் ஏற வேண்டும். அவர் கீழேயே நிற்க, மகள் மேலே போய்ப் படம் எடுத்துக் காட்டலாம். மேட்டின் மேல் கால் வைக்கவே கூடாது. முன்னோர் புனிதமாக எழுப்பிய இடம் என்ற மரியாதை அது. மண் கரைந்துவிடும் என்ற கவலையும்தான். எப்போது, யார் கட்டினார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் பிரிந்தே நிற்கிறார்கள். கிட்டத்தட்டக் கி.மு. 300 என்று ஒரு சாரார் சொல்ல, கி.பி. 1070ஐ ஒட்டிய காலம் என்று மறு சாரார் சொல்கிறார்கள். அங்குள்ள பலகை எதைச் சொன்னாலும் அதை முடிவான தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். பாம்பின் தலை கோடைத் திருப்பத்தன்று சூரியன் மறையும் திசையை நோக்கியிருக்கிறது. 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது இந்த மேடு என்று பலர் எழுதுகிறார்கள், அது பிழை. அப்போது சேர்ந்தவை ஹோப்வெல் என்னும் பண்டைய பழங்குடிப் பண்பாட்டைச் சேர்ந்த எட்டு மண் கட்டுமானங்கள். பாம்பு மேடு அந்த எட்டில் இல்லை.

இன்னொன்று: அந்த மேடு இருப்பதே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் மோதியதால் குலைந்துபோன நிலத்தின் ஓரத்தில். ஏறத்தாழ ஐந்து மைல் அகலத்துக்குப் பாறை அடுக்குகள் தலைகீழாகவும் ஒருக்களித்தும் கிடக்கின்றன. பள்ளம் எங்கே என்று தேடாதீர்கள், அது எப்போதோ அரித்துத் தூர்ந்துவிட்டது. நானும் முதல் தடவை அரை நாள் தேடினேன்.

பதில் 3: காட்டோரம்

மேலே இருவரும் சொல்லாமல் விட்ட சிலவற்றைச் சொல்ல வேண்டும். உங்கள் தேதி அப்படி.

ஏப்ரல் கடைசி வாரம் என்பது ஒஹாயோவில் வசந்தகால வான்கோழி வேட்டைப் பருவம். ஆடம்ஸ் கவுண்டியில் டிராங்க்விலிட்டி வனவிலங்குப் பகுதி என்று ஒன்று இருக்கிறது. பெயரோ அமைதி, அந்த வாரக் காலைகளில் அங்கே நடப்பதோ வேட்டை. மாநில வனங்களிலும் அப்படியே. பருவத்தின் தொடக்க நாட்களில் சூரியோதயத்துக்கு அரை மணி முன்பிருந்து நண்பகல் வரை வேட்டையாடலாம். வேட்டைக்காரர் இலை நிற உடையில் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். பத்தடியில் இருந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார். சேவல் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறங்களில் இருக்கும் என்பதால், அந்த நிறங்களில் சட்டையோ தொப்பியோ அணிந்து அங்கே போகக் கூடாது. மகளுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போடுங்கள். இதைவிட எளிய வழி, வனங்களையும் வனவிலங்குப் பகுதிகளையும் இந்தப் பயணத்தில் அறவே தவிர்த்துக் காப்பகங்களோடு நிறுத்திக்கொள்வது.

அந்த வாரத்தில் மோரல் காளான் பறிப்பவர்களையும் காண்பீர்கள். மாநிலப் பூங்காவில் வீட்டுத் தேவைக்குப் பறிக்கலாம். இயற்கைக் காப்பகத்தில் கூடாது. யாரோ பறிக்கிறார்களே என்று பார்த்து நீங்களும் குனிந்துவிடாதீர்கள்.

உண்ணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லைம் நோயைத் தரும் மான் உண்ணியும், கடிபட்ட சிலருக்கு இறைச்சி ஒவ்வாமையை உண்டாக்கும் லோன் ஸ்டார் உண்ணியும் அந்தப் பகுதியில் இருக்கின்றன. பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி மருந்தை முந்தைய நாளே காலணியிலும் கால்சட்டையிலும் தெளித்துக் காயவிடுங்கள். அது துணிக்கு மட்டுமே, தோலில் படக் கூடாது. கால்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அறைக்குத் திரும்பியதும் முழங்காலின் பின்புறம், அக்குள், காதுக்குப் பின்னால், இடுப்புப் பட்டை அழுந்தும் இடம் ஆகியவற்றை ஒருவருக்கொருவர் பார்த்துவிடுங்கள். கடித்திருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். தீக்குச்சி, எண்ணெய் வைத்தியமெல்லாம் கெடுதல்.

பஸார்ட்ரூஸ்ட் பற்றிப் புல்வெளி அவர்களோடு உடன்பட முடியவில்லை. எட்டு வயதுக் குழந்தை ஆசையோடு கேட்கிற ஒன்றை மறுக்க வேண்டியதில்லை. குடும்பமாகப் போனால் நால்வரும் ஒரே இடத்தில்தான் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. நீங்களும் மகளும் விடிந்ததும் ஏறிவிடுங்கள். அந்நேரம் உங்கள் மனைவியும் தந்தையும் ஆடம்ஸ் ஏரிக்கரையில் நடக்கட்டும். அங்குள்ள குட்டிப் புல்வெளியில் எறும்புகள் கட்டிய மேடுகள் இருக்கின்றன, பெரியவர் ரசிப்பார். பாறையின் உச்சியில் கம்பித் தடுப்போடு மேடை அமைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிக் கால் வைக்காதவரை பயமில்லை, தாண்டினால் மிச்சமில்லை. பாறையிடுக்குகளில் கையை விடவோ எட்டிப் பார்க்கவோ மகளை விடாதீர்கள். செம்புத்தலை விரியன் இருக்கலாம் என்பது ஒரு காரணம். ஒஹாயோவில் வேறெங்கும் எஞ்சியிராத அலகேனி மர எலி அந்தக் காப்பகத்தின் பாறையிடுக்குகளில்தான் குடும்பம் நடத்துகிறது என்பது மற்றொரு காரணம். எலும்பு, இறகு, பாட்டில் மூடி என்று கண்டதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துவைக்கும் பிராணி அது.

கைப்பேசிக்குப் பள்ளத்தாக்குகளில் சமிக்ஞை கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட் ரிட்ஜ் பக்கம் கார் ஓட்டாமல் பழைய முறையில் வாழும் ஆமிஷ் என்னும் கிறித்தவப் பிரிவினரின் குதிரை வண்டிகள் மேடேறி இறங்கும் இடங்களில் திடீரென முன்னே தென்படும். வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். ஞாயிறன்று அவர்கள் கடைகள் மூடியிருக்கும் என்பதால் வாங்க வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

மறுமொழி: ஓடக்கரை

மூவருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நாய் வீட்டிலேயே இருந்தது. சனிக்கிழமை காலையில் காட்டோரம் அவர்கள் சொன்னபடி பிரிந்து போனோம். பாறைக்குப் போகும் வழியில் மகள் இரண்டு முறை திரும்பிவிடலாம் என்றாள், மூன்றாவது முறை நான் சொன்னேன். ஆனால் மரங்கள் விலகி, மரப்பலகைப் பாதை பாறையின் மேல் போய் முடிந்தபோது இருவருமே ஒன்றும் பேசவில்லை. எங்கள் காலடிக்கும் கீழே, பள்ளத்தாக்கின் மேல் பிணந்தின்னிக் கழுகுகள் சுற்றிக்கொண்டிருந்தன. கழுகின் முதுகை மேலிருந்து பார்ப்பது எனக்கே அதுதான் முதல் தடவை. பறக்கும்போது இறகு இப்படி இப்படி ஆடுகிறது என்று மகள் கையை விரித்துத் தள்ளாடிக் காட்டினாள். மேடையில் ஏற்கெனவே நின்றிருந்த ஒரு பெண்மணி சிரித்துவிட்டார்.

அப்பாவைக் கவர்ந்தது பாம்பு மேடு இல்லை, ஏரிப் புல்வெளியில் இருந்த எறும்பு மேடுகள். அங்கே இரண்டு மணி நேரம் இருந்தாராம். தடத்திலிருந்து இறங்கக் கூடாது என்று என் மனைவி சொன்னதால் ஓரத்திலேயே குந்தியிருந்து, மேட்டின் மேல் காய்ந்த புல்துண்டைச் சுமந்துகொண்டு ஏறிய எறும்பு ஒன்று மூன்று முறை சறுக்கி நான்காம் முறை உள்ளே போனதைக் கணக்கெடுத்திருக்கிறார். "கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்பார்கள், இங்கே கட்டினவனே குடியிருக்கிறான்" என்று அன்றிரவு இரண்டு தடவை சொன்னார். மறுநாள் பாம்பு மேட்டைச் சுற்றி நடந்தபோதும், கூடை கூடையாக மண் சுமந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதுதான் அவருடைய கேள்வியாக இருந்தது.

லிங்க்ஸில் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொண்டோம். கல்லறைத் தோட்டம் வந்ததும் நானும் வழி தவறிவிட்டது என்றே நினைத்தேன். பக்கூன் பூத்திருந்தது. உண்ணி எனக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. மகளுடையது காதுக்குப் பின்னால் இருந்தது, நீங்கள் சொல்லியிராவிட்டால் அங்கே பார்த்திருக்கமாட்டோம். மூன்றும் கடிக்கும் முன்பே அகப்பட்டுவிட்டன. என்னுடைய பெரிய தவறு, அறையை வெஸ்ட் யூனியனில் எடுக்காமல் வெகு தூரத்தில் எடுத்தது. இரவில் அந்த மலைச்சாலையில் மான்களுக்காக நான்கு முறை நிறுத்த வேண்டியிருந்தது.

அப்பா ஆகஸ்ட் நடுவில் ஊர் திரும்புகிறார். அதற்கு முன் புல் உயர்ந்து நிற்கும்போது ஒரு முறை அவரை அழைத்துப்போக வேண்டும். லிங்க்ஸை விடச் சமதரையான இடம் ஏதும் உண்டா?

பதில் 4: புல்வெளி

உண்டு. வெஸ்ட் யூனியனுக்கு வடமேற்கே சாப்பரல் புல்வெளி என்னும் மாநில இயற்கைக் காப்பகத்துக்கு ஜூலை கடைசி வாரத்தில் போங்கள். தடம் குறுகியது, ஏற்றம் சொல்லும்படியாக இல்லை. முள் உருண்டைகளைக் காம்பில் செருகிவைத்தது போலிருக்கும் ராட்டில்ஸ்நேக் மாஸ்டர் செடி ஒஹாயோவிலேயே மிகுதியாக வளரும் இடம் அது. ஊதாக் கதிர்களாகப் பிளேஸிங் ஸ்டாரும் அப்போதுதான் பூக்கும். நிழல் கிடையாது. காலை எட்டு மணிக்கே போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள், தந்தையாருக்கு அகலமான தொப்பி எடுத்துப் போங்கள். பஸார்ட்ரூஸ்ட் விஷயத்தில் நான் சொன்னது தவறுதான்.